பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறும்போது கூகுள் ரேங்க்கைக் காப்பாற்றுவது எப்படி?

பத்துப் பதினைந்து வருடமாக பிளாகரில் எழுதிவரும் ஒருவர் வேர்ட்பிரஸுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தால், முதலில் தீம் பார்க்கத்தான் போவார். லோகோ, நிறம், எழுத்துரு என்று ஒரு மாதம் ஓடிவிடும். எல்லாம் முடிந்து புதுத் தளம் பளபளப்பாக வந்த இரண்டாவது வாரம், சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) கிளிக்குகளின் கோடு சரிவது கண்ணில் படும். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்: கூகுளுக்குத் தெரிந்த பழைய முகவரிகளைத் திறந்தால் "பக்கம் இல்லை" என்று வருகிறது.

ரேங்க் என்பது ஒரு முகவரிக்குச் சேர்ந்த சொத்து. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் யார் அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த முகவரியின் பெயரில்தான் கணக்கில் இருக்கும். ஆகவே முகவரி மாறாமல் இருந்தால் பாதி வேலை மிச்சம். மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய முகவரி ஒவ்வொன்றும் தனக்குரிய புதிய முகவரிக்கு 301 மூலம், அதாவது "இந்தப் பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று சொல்லித் திருப்பிவிடும் ரீடைரெக்ட் மூலம், போய்ச் சேர வேண்டும். 301 போட்டால் மதிப்பில் கொஞ்சம் கழிந்துவிடும் என்ற பயம் முன்பு இருந்தது. 30-இல் தொடங்கும் ரீடைரெக்ட்களால் இனி பேஜ்ரேங்க் (இணைப்புகளை வைத்து ஒரு பக்கத்துக்கு கூகுள் போடும் மதிப்பு) குறையாது என்று கூகுளின் கேரி இல்யேஷ் 2016-லேயே சொல்லிவிட்டார். அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது விட்டுப்போகும் முகவரிகளைப் பற்றித்தான்.

இந்த வழிகாட்டி, சொந்த டொமைனில் ஓடும் தமிழ் பிளாகர் தளத்தை அதே டொமைனில் வேர்ட்பிரஸுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கானது. இலவச பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி கீழே இருக்கிறது.

தமிழ்த் தலைப்புகளால் வரும் தனிச் சிக்கல்

ஆங்கிலப் பதிவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் ஒரு சுலபமான யோசனை இருக்கும். பிளாகர் முகவரியில் ஆண்டு, மாதம், தலைப்புச் சொற்கள், கடைசியில் .எச்டிஎம்எல் என்ற வரிசை உண்டு. வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் அமைப்பிலும் (பதிவுகளின் முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் இடம்) அதே வரிசையைப் போட்டுவிட்டால் பழைய முகவரிகள் அப்படியே வேலை செய்யும், ரீடைரெக்டே தேவையில்லை. ஆங்கிலத் தலைப்புகளுக்கு இது சரி.

தமிழுக்கு இது பாதிதான் பலிக்கும். தலைப்பில் இருக்கும் தமிழ் எழுத்துகளை பிளாகர் முகவரியில் சேர்ப்பதில்லை. தலைப்பு முழுவதும் தமிழ் என்றால் "பிளாக்-போஸ்ட்" என்று ஒரு பொதுப்பெயரை வைத்துவிடும். அதே மாதத்தில் இன்னொரு தமிழ்ப் பதிவு போட்டால் பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் ஓர் எண்ணும் சேரும். அடுத்த மாதம் மறுபடி வெறும் பிளாக்-போஸ்ட். அதாவது 2012 ஜனவரியில் ஒரு பிளாக்-போஸ்ட், பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. ஆண்டும் மாதமும் வேறு என்பதால் பிளாகருக்கு இதில் குழப்பம் இல்லை.

வேர்ட்பிரஸுக்கு இருக்கிறது. அங்கே பதிவின் ஸ்லக், அதாவது முகவரியின் கடைசித் துண்டு, தளம் முழுவதிலும் ஒரு பதிவுக்குத்தான் சொந்தம். மாதம் வேறாக இருந்தாலும் இரண்டாவது பிளாக்-போஸ்டை அது பிளாக்-போஸ்ட்-2 என்று மாற்றிவிடும், மூன்றாவதை பிளாக்-போஸ்ட்-3 என்று. பெர்மாலிங்க் அமைப்பு பழையபடியே இருந்தாலும் பழைய முகவரி உடைந்துவிடும். டேட்டாபேஸில் நேராகக் கைவைத்துப் பழைய பெயரையே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அந்தப் பதிவைத் திருத்திச் சேமித்தால் பெயர் மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த வழி வேண்டாம்.

விவரமான பதிவர்கள் அந்தக் காலத்திலேயே முதலில் ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டுவிட்டு, பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு இன்று வேலை மிகக் குறைவு.

படி 1: எல்லா முகவரிகளையும் ஒரே ஷீட்டில் கொண்டுவாருங்கள்

தீம் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. ஒரு கூகுள் ஷீட் திறந்து நான்கு பத்தி போடுங்கள்: பழைய முகவரி, புதிய முகவரி, கடந்த ஆண்டின் கிளிக்குகள், குறிப்பு.

முகவரிகள் நான்கு இடங்களிலிருந்து வரும். முதலாவது பிளாகரின் சைட்மேப், அதாவது தளத்தின் முகவரிப் பட்டியல்; தனிப் பக்கங்களுக்கு வேறு சைட்மேப் இருக்கும், அதையும் எடுங்கள். இரண்டாவது சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை. அது 16 மாதத் தரவு வைத்திருக்கும். ஆனால் திரையிலிருந்து ஏற்றுமதி செய்தால் 1,000 வரிகள்தான் கிடைக்கும். பெரிய தளமென்றால் பக்க வடிகட்டியில் /2012/ என்று போட்டு ஒருமுறை, /2013/ என்று போட்டு ஒருமுறை என ஆண்டுவாரியாக எடுத்தால் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். மூன்றாவது அதே சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கை. எந்தப் பக்கங்களுக்கு வெளியிலிருந்து இணைப்பு வருகிறது என்று அது காட்டும். கிளிக்கே இல்லாத பதிவுக்கு நல்ல இணைப்புகள் இருக்கலாம், அதை விட்டுவிடாதீர்கள். நான்காவது அனலிடிக்ஸ்.

எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்பானவற்றை நீக்குங்கள். மொபைலில் திறந்தால் பிளாகர் முகவரியின் வாலில் எம்=1 என்று ஒட்டிக்கொள்ளும். அது தனிப் பக்கம் இல்லை. வாலை வெட்டிவிட்டு ஒன்றாகக் கணக்கிடுங்கள். லேபிள் பக்கங்கள் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. தேடுபொறிகள் எங்கே வரக்கூடாது என்று சொல்லும் பிளாகரின் இயல்பான ரோபோட்ஸ் கோப்பு 'சர்ச்' என்று தொடங்கும் பாதைகளைத் தடுத்தே வைத்திருக்கிறது, லேபிள்கள் அதற்குள்தான் வருகின்றன. வாசகர் வசதிக்காக முக்கியமான நான்கைந்து லேபிள்களை மட்டும் அந்தந்த வகைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் பதிவுகளை ஃபீட் ரீடரில் படிப்பவர்கள் இருந்தால் பழைய ஃபீட் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஷீட்தான் முழு வேலைக்கும் ஆதாரம். டெவலப்பரிடம் கொடுத்துச் செய்கிறீர்கள் என்றாலும் ஷீட்டை நீங்களே தயாரியுங்கள். உங்கள் பதிவுகளில் எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது.

படி 2: புதிய முகவரிகளை முடிவு செய்யுங்கள்

என் சிபாரிசு இது. பெர்மாலிங்க் அமைப்பில் பிளாகர் வரிசையையே வையுங்கள்: ஆண்டு, மாதம், பெயர், .எச்டிஎம்எல். "பழசாகத் தெரிகிறதே, ஆண்டை எடுத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். அழகுக்காக ஆயிரம் முகவரிகளை மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒழுங்கான பெயர் இருக்கும் பழைய பதிவுகளுக்கு அதே பெயர் தொடரட்டும். பிளாக்-போஸ்ட் வகையறாவுக்கு மட்டும் புதுப்பெயர் வைத்து, பழையதிலிருந்து 301 போடுங்கள்.

புதுப்பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? கூகுளுக்குத் தமிழ் முகவரியைப் படிப்பதில் சிரமம் எதுவும் இல்லை. வேர்ட்பிரஸில்தான் இடம் போதாது. ஸ்லக்குக்கு அது ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். தமிழ் எழுத்து குறியீடாக மாறும்போது க, ா, ம, ் என்று ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 9 எழுத்து செலவாகும். ஆக 22 குறிகளோடு முடிந்துவிடும். "காஞ்சிபுரம் இட்லி செய்வது எப்படி" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் 11 குறி, இட்லி 5. இவற்றுக்கு 144, இடையில் இரண்டு கோடுகள் சேர்த்து 146. மீதி 54-இல் ஆறு குறிதான் அடங்கும். எனவே ஸ்லக் "காஞ்சிபுரம்-இட்லி-செய்வத" என்று உகரத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும். அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக இரண்டு வரிக்கு நீளும். ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லில் சுருக்கமாக வைப்பது நடைமுறைக்கு நல்லது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், தேடலுக்கு அதுதான் முக்கியம்.

இன்னொரு சின்ன வம்பு, மாத எண். வேர்ட்பிரஸில் நேர மண்டலம் இந்திய நேரமாக இல்லாவிட்டால், மாதக் கடைசி நள்ளிரவை ஒட்டி வெளியான பதிவுகள் பக்கத்து மாதத்துக்குத் தாவிவிடும். முகவரியும் கூடவே தாவும். பிளாகரில் பதிவின் தேதியைப் பிற்பாடு மாற்றியிருந்தாலும் இதே கதை, ஏனென்றால் அங்கே முகவரி பழைய மாதத்திலேயே நின்றிருக்கும். இம்போர்ட்டுக்கு முன்பே நேர மண்டலத்தைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் பொருந்தாதவற்றுக்கு ஷீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"எங்களைப் பற்றி" போன்ற தனிப் பக்கங்கள் பிளாகரில் பி என்ற எழுத்துக்குக் கீழே இருக்கும். வேர்ட்பிரஸ் பக்கங்களுக்கு .எச்டிஎம்எல் வராது. எண்ணிக்கை குறைவு என்பதால் கையாலேயே திருப்பிவிடலாம்.

படி 3: இம்போர்ட் செய்து, விடுபட்டதைப் பாருங்கள்

வேலையைப் பொதுவெளியில் செய்யாமல் ஒரு சோதனைத் தளத்தில் செய்யுங்கள், அதற்குக் கட்டாயம் கடவுச்சொல் போடுங்கள். ரோபோட்ஸ் கோப்பில் தடுப்பது மட்டும் போதாது. வெளியிலிருந்து ஓர் இணைப்பு கிடைத்தால் முகவரி கூகுளில் ஏறிவிடக்கூடும்.

பிளாகரின் பேக்கப்பை எடுத்து இம்போர்ட்டர் பிளக்கின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) வழியாக ஏற்றுங்கள். வேர்ட்பிரஸின் பிளாகர் இம்போர்ட்டர் ஒவ்வொரு பதிவோடும் அதன் பழைய முகவரியை ஒரு கஸ்டம் ஃபீல்டில், அதாவது பதிவோடு சேர்ந்திருக்கும் கூடுதல் தகவல் பெட்டியில், எழுதி வைக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. அந்த ஃபீல்டையும் பதிவின் புதிய முகவரியையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால் ஷீட்டின் முதல் இரண்டு பத்திகள் தாமாகவே நிரம்பிவிடும். ஸ்லக் பழையபடி வந்திருக்கிறதா, தலைப்பிலிருந்து புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் அப்போதே தெரியும்.

படங்கள் தனி விவகாரம். பிளாகர் படங்கள் உங்கள் டொமைனில் இல்லை, கூகுளின் சர்வரில் இருக்கின்றன. பதிவை மட்டும் கொண்டுவந்தால் படங்கள் அங்கிருந்தே வரும். அப்படி விட்டாலும் ஓடும், பிளாகர் தளத்தை அழிக்காதவரை. மீடியா லைப்ரரிக்கு இறக்குவது என்றால் படத்தின் முகவரிக்குள் எஸ்320, எஸ்1600 என்று இருக்கும் அளவுக் குறியைக் கவனியுங்கள். எஸ்320 என்பது சின்ன நகல். அதை எஸ்1600 என்று மாற்றிய பிறகு இறக்கினால் பெரிய படம் கிடைக்கும். கூகுள் சர்வரிலிருந்து உங்களால் 301 போட முடியாது என்பதால், படத் தேடலில் கிடைத்த இடம் இறக்கிய பிறகு சில காலம் ஆட்டம் காணும். சமையல், கோலம், மெஹந்தி போன்று படத் தேடலை நம்பியிருக்கும் தளங்கள் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். அதிக கிளிக் வரும் பத்திருபது பதிவுகளின் படங்களைக் கொஞ்ச நாள் தொடாமல் விடுவது ஒரு வழி.

பிறகு பதிவுகளுக்குள் இருக்கும் இணைப்புகள். பழைய பதிவில் "சென்ற பாகம் இங்கே" என்று கொடுத்திருப்பவை எல்லாம் நேராகப் புதிய முகவரிக்கே போகட்டும், ரீடைரெக்ட் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. தேடி மாற்றும் பிளக்கின் இருக்கிறது. அப்படித் தேடும்போது பிளாக்ஸ்பாட்.இன் என்று முடியும் இணைப்புகளையும் தேடுங்கள். ஒரு காலத்தில் இந்தியாவில் திறந்தால் பிளாக்ஸ்பாட் முகவரி அப்படித்தான் மாறும். பலர் அதையே நகலெடுத்துப் போட்டிருப்பார்கள். 2020-ல் அந்த டொமைனே கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. அந்த இணைப்புகளை நம்பி வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக, அதிகம் கிளிக் வரும் ஐம்பது பக்கங்களைப் பழையது ஒரு டேபிலும் புதியது ஒரு டேபிலுமாகத் திறந்து ஒப்பிடுங்கள். தலைப்புக் குறி, தேடல் விளக்கம், பத்திகள், பட விளக்கம், பின்னூட்டங்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா? பின்னூட்டங்களை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய தமிழ்ப் பதிவுகள் சிலவற்றில் பதிவைவிடப் பின்னூட்டத்தில்தான் விஷயம் அதிகம் இருக்கும்.

படி 4: ரீடைரெக்ட்கள்

சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் வரை என்றால் 'ரீடைரெக்‌ஷன்' பிளக்கின் போதும்; ஷீட்டை சிஎஸ்வி-யாகச் சேமித்து ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். அதில் வினவல் வால் பற்றிய தேர்வு ஒன்று இருக்கும். "முழுமையாகப் பொருந்த வேண்டும்" என்று விட்டுவிட்டால் எம்=1 வாலோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வாலைப் பொருட்படுத்தாதபடி வையுங்கள். அதற்கு மேல் எண்ணிக்கை போனால் ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி சர்வர் மட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு விதிகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, கிடைக்காத முகவரிகளை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கூகுள் அதை மென் 404 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பக்கம் இல்லாததற்குச் சமம். மாற்றுப் பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டுவிட்டது) வரட்டும், அதில் தப்பில்லை. இரண்டு, ஒரே தாவலில் போய்ச் சேர வேண்டும். எச்டிடிபி-யிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து மூன்று டபிள்யூ உள்ள முகவரி, அங்கிருந்து புதிய ஸ்லக் என்று மூன்று தாவல் போட வைக்காதீர்கள். கூகுள்பாட் (பக்கங்களை வந்து படித்துப் போகும் கூகுளின் நிரல்) 10 தாவல் வரை தொடரும் என்பது உண்மைதான். வாசகரின் போன் அவ்வளவு பொறுமையாக இருக்காது.

மூன்று டபிள்யூ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளாகரில் சொந்த டொமைன் வைத்தவர்கள் பெரும்பாலும் அந்த முன்னொட்டோடுதான் வைத்திருப்பார்கள். ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸை ஒரு சொடுக்கில் நிறுவினால் அது இல்லாமலே நிறுவிவிடுவது சகஜம். அப்படி விட்டால் தளத்தின் அத்தனை முகவரிகளும் மாறியதாகிவிடும். அமைப்புகளில் இரண்டு முகவரிப் பெட்டிகளையும் பழையபடியே மாற்றிவையுங்கள்.

படி 5: மாற்றும் நாள்

கூட்டம் குறைவான காலமாகப் பாருங்கள். சமையல் தளத்தைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றுவது வேண்டாத வேலை. தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு பற்றி எழுதுகிறவர்களுக்கு மே, ஜூன் ஆகாது.

முந்தைய நாளே டிஎன்எஸ்-இல் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) டிடிஎல் அளவை, அதாவது பழைய விவரத்தை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். சர்ச் கன்சோல் உரிமையை டிஎன்எஸ் மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிளாகர் வழியாகவோ டெம்ப்ளேட்டில் ஒட்டிய குறி வழியாகவோ பெற்றிருந்த உரிமை, பிளாகர் போனதும் கூடவே போய்விடும். சரியாகத் தரவு பார்க்க வேண்டிய வாரத்தில் கதவு சாத்தியிருக்கும். ஆட்சென்ஸ் வைத்திருப்பவர்கள், தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பையும் புதுத் தளத்தில் வைக்க வேண்டும்.

டிஎன்எஸ்-ஐ மாற்றி, எஸ்எஸ்எல் சான்றிதழ் வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் வேர்ட்பிரஸின் அமைப்புகளில் உள்ள வாசிப்புப் பக்கம். "தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம்" என்ற டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா? சோதனைத் தளத்தில் போட்ட அந்த ஒரு டிக், நேரலைக்கும் கூடவே வந்து முழுத் தளத்தையும் கூகுளிலிருந்து இறக்கிவிடும். எத்தனையோ தளங்களின் சரிவுக்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இருந்ததில்லை.

அடுத்து ஷீட்டின் முதல் பத்தியை, முகவரிகளைத் திறந்து சோதிக்கும் ஸ்கிரீமிங் ஃபிராக் மென்பொருளில் பட்டியலாகக் கொடுத்து ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு 500 முகவரி வரை பார்க்கும். மீதியைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 301, பின் 200 (பக்கம் சரியாகத் திறந்தது), அல்லது நேராக 200 வர வேண்டும். 301 வந்தது என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், எங்கே போய் நின்றது என்று பாருங்கள். வேர்ட்பிரஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகவரி கிடைக்கவில்லை என்றால் ஸ்லக்கின் தொடக்கம் ஒத்துப்போகும் ஏதோ ஒரு பதிவை ஊகித்து அங்கே அனுப்பிவிடும். இட்லிக்கு வந்தவர் இட்லிப்பொடியில் போய் நிற்பார், அறிக்கையில் எல்லாம் பச்சையாகத் தெரியும்.

அப்புறம் புதிய சைட்மேப்பை சர்ச் கன்சோலில் கொடுங்கள். முகவரி மாற்றம் என்ற கருவியைத் தொட வேண்டாம். அது டொமைனே மாறும்போது பயன்படுத்துவது.

சொந்த டொமைன் இல்லாதவர்களுக்கு

பிளாக்ஸ்பாட் முகவரியிலிருந்து உங்கள் விருப்பப்படி பதிவுவாரியாக 301 போட வழியில்லை. எனவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் ஒரு டொமைன் வாங்கி, பிளாகரிலேயே அதை இணையுங்கள். பழைய பிளாக்ஸ்பாட் முகவரிகள் அதே பாதையோடு புதிய டொமைனுக்குத் தாமாகத் திரும்பும். கூகுளில் புதிய முகவரிகள் ஏறி நிலைக்கும்வரை சில மாதம் அப்படியே எழுதிக்கொண்டிருங்கள். பிறகுதான் மேலே சொன்ன வேலை. டிஎன்எஸ்-ஐ வேர்ட்பிரஸ் பக்கம் திருப்பிய பின், பிளாக்ஸ்பாட் வழியாக வருகிறவர்களுக்கு "வேறு தளத்துக்குப் போகிறீர்கள்" என்ற இடைப்பக்கத்தை பிளாகர் காட்டக்கூடும். இந்த இடைவெளியைக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். பிளாகர் கணக்கையும் தளத்தையும் அழிக்க வேண்டாம்.

படி 6: அடுத்த சில மாதங்கள்

நடுத்தர அளவுத் தளத்தில் பெரும்பாலான பக்கங்களை கூகுள் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். பக்க அட்டவணை அறிக்கையில் "திருப்பிவிடப்பட்ட பக்கம்" என்ற எண்ணிக்கை ஏறினால் நல்லதுதான். 404, மென் 404 இரண்டையும் முதல் மாதம் வாரத்துக்கு இருமுறையாவது பாருங்கள். விட்டுப்போன முகவரிகள் அங்கேதான் தலைகாட்டும்.

கிளிக் குறைந்தால் மொத்தக் கோட்டைப் பார்த்துப் பதறாமல் பதிவுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: முகவரி மாறியவை, மாறாதவை. மாறியவை மட்டும் இறங்கியிருந்தால் அநேகமாகக் காத்திருந்தால் போதும். மாறாதவையும் சேர்ந்து இறங்கியிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. தீம் தலைப்புக் குறியை மாற்றியிருக்கலாம், பதிவின் ஒரு பகுதி வராமல் போயிருக்கலாம், பாதுகாப்பு பிளக்கின் கூகுள்பாட்டைத் தடுத்திருக்கலாம், அல்லது சர்வர் திணறலாம். பிளாகரில் இருந்தவரை தளம் கூகுளின் சர்வரில் ஓடியது. வேகம் பற்றி நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்தச் சுகம் கிடையாது. மாற்றத்துக்குப் பின் கூகுள்பாட் வழக்கத்தைவிட அதிகமாக வந்து போகும், அப்போது 5-இல் தொடங்கும் சர்வர் பிழைகள் வந்தால் அது வருகையைக் குறைத்துக்கொள்ளும். சர்ச் கன்சோலின் கிரால் புள்ளிவிவரத்தில் இது தெரியும். பக்கங்களின் நகலை வைத்து வேகமாகத் தரும் கேஷ் பிளக்கின் போட்டு, முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் வருகிறதா என்று பாருங்கள்.

ரீடைரெக்ட்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எனக்குக் கேட்டால் எடுக்கவே வேண்டாம் என்பேன். யாரோ 2009-ல் கொடுத்த இணைப்பைச் சொடுக்கி இன்றும் ஒருவர் வரலாம், அந்த வரியை வைத்திருக்கச் செலவு ஒன்றும் இல்லை.

இந்த மாதங்களில் ஸ்லக்கை மறுபடி மாற்றுவது, சின்னப் பதிவுகளை ஒன்றாக இணைப்பது, புதுத் தீம் போடுவது எல்லாம் வேண்டாம். எது எதனால் நடந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும். கோடு பழைய மட்டத்தில் ஒரு மாதமாவது நிலையாக நின்ற பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். அதே ஷீட்டில் தேதி போட்டு என்ன மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்.